நாலுக்கு ஒன்று: டிவி விளம்பரத்தின் உளுந்துக் கணக்கு

எங்கள் வீட்டில் இட்லிக்கு நாலு ஆழாக்கு அரிசி, ஒரு ஆழாக்கு உளுந்து. அரிசியை அம்மா தலை தட்டித்தான் அளப்பார். உளுந்துக்கு வரும்போது மட்டும் ஆழாக்கின் மேல் ஒரு சின்னக் கோபுரம் ஏறிவிடும். கேட்டால், "இந்தத் தடவை வாங்கின உளுந்து பழசு, பொங்காது" என்பார்.

டிவி விளம்பரத்துக்கும் இந்தியாவில் இதே அளவுதான். ஒரு மணி நேரத்துக்கு 12 நிமிஷம் விளம்பரம் போனால் மிச்சம் 48 நிமிஷம் நிகழ்ச்சி. 48க்கு 12, நாலுக்கு ஒன்று. விதி எழுதிய அதிகாரிகள் எந்த அடுப்படியிலிருந்து வந்தார்களோ, விகிதம் அச்சு அசல் இட்லி மாவு.

உவமை அதோடு நிற்கவில்லை. உளுந்து இல்லாமல் மாவு பொங்காது. விளம்பரம் இல்லாமல் சேனல் ஓடாது. கட்டணச் சேனலுக்காவது சந்தாப் பணம் என்று ஒரு வரவு இருக்கிறது. இலவசச் சேனலுக்கு விளம்பரம்தான் சோறு. ஆனால் உளுந்து கூடிப்போனால் இட்லி தட்டையாகி விரலில் பிசுபிசுக்கும். எவ்வளவு வரை போடலாம் என்று யாராவது ஒரு கோடு போட்டாக வேண்டும்.

அந்தக் கோடு கேபிள் டெலிவிஷன் நெட்வொர்க் விதிகள், 1994இல் இருக்கிறது. 7ஆம் விதியின் 11ஆம் உட்பிரிவு, 2006இல் சேர்த்தது. 12 நிமிஷமும் ஒரே சரக்கு இல்லை. காசு வாங்கிப் போடும் விளம்பரம் 10 நிமிஷம் வரை. "இன்று இரவு 9 மணிக்குக் காணத் தவறாதீர்கள்" என்று சேனல் தன்னையே விளம்பரம் செய்துகொள்வது 2 நிமிஷம் வரை. உளுந்தோடு ஊறப்போடும் வெந்தயம் மாதிரி. அதற்குத் தனிக் கரண்டி என்றாலும் ஆழாக்குக் கணக்குக்குள்தான் அடங்க வேண்டும். இங்கே விளம்பர நேரத்தை 10 செகண்டுக்கு இவ்வளவு என்றுதான் விலை பேசுகிறார்கள். ஆகவே 10 நிமிஷம் என்பது விற்பனைப் பிரிவுக்கு மணிக்கு 60 துண்டு. அறுபத்தொன்றாவது துண்டை விற்றால் விதிமீறல்.

கணக்கு இவ்வளவு எளிது என்றால் சண்டை எதற்கு? சண்டை 12ஐப் பற்றியே இல்லை, ஆழாக்கைப் பற்றியது என்பது என் கட்சி.

2012 மே மாதம் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் ஒரு ஒழுங்குமுறையைக் கொண்டுவந்தது. 12 என்ற எண்ணை அது மாற்றவில்லை. அளக்கும் பாத்திரத்தைத்தான் கறாராக்கியது. கடிகார மணி என்று வைத்தது. 8:00லிருந்து 9:00 வரை ஒரு மணி, 9:00லிருந்து 10:00 வரை அடுத்தது. ஒரு மணியில் மிச்சமானதை அடுத்த மணிக்கு எடுத்துப் போக முடியாது.

மாவு மில் வைத்திருப்பவரிடம் கேட்டால் இதன் கனம் புரியும். ஒரு நாளைக்கு 24 ஈடு அரைக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். விடிகாலை 3 மணி ஈட்டை வாங்க ஆளே கிடையாது. அதில் உளுந்தைக் குறைத்துப் போட்டால் யாரும் கேட்கப்போவதில்லை. ராத்திரி 8 மணி ஈட்டுக்கோ தெருவே வரிசையில் நிற்கிறது. "மொத்தத்தில் 24 ஆழாக்குத்தானே? காலையில் மிச்சம் பிடித்ததை ராத்திரி போட்டுக்கொள்கிறேன்" என்று அவருக்குத் தோன்றும். முடியாது, ஒவ்வொரு ஈடும் தனித்தனியே நாலுக்கு ஒன்று என்கிறது டிராய்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் அந்த மில்காரர் ஜெயித்துவிட்டார். அங்கேயும் நம்மைப் போல ஒவ்வொரு கடிகார மணிக்கும் 20 சதவீதம் என்றுதான் இருந்தது. 2018இல் திருத்தினார்கள். காலை 6 முதல் மாலை 6 வரை சேர்த்து 20 சதவீதம், மாலை 6 முதல் நள்ளிரவு 12 வரை சேர்த்து 20 சதவீதம். எண் அதேதான், ஆழாக்குப் போய் அண்டா வந்துவிட்டது. மாலை 6 மணிநேரத்துக்கு 72 நிமிஷம் கிடைக்கிறது. கூட்டம் பார்க்கிற நேரத்தில் அதைக் குவித்துவிட்டு 11 மணிக்கு மேல் நல்ல பிள்ளையாக இருக்கலாம். அமெரிக்காவில் பொதுவான வரம்பே கிடையாது. குழந்தைகள் நிகழ்ச்சிக்கு மட்டும் 1990ஆம் ஆண்டுச் சட்டம் மணிக்கு வார நாட்களில் 12, வார இறுதியில் பத்தரை நிமிஷம் என்று நிறுத்தியது.

நம் ஊர்க் கதைக்கு வருவோம். 2012இல் டிராய் இன்னும் நிறைய கேட்டிருந்தது: இரண்டு பிரேக்குக்கு நடுவில் குறைந்தது 15 நிமிஷ இடைவெளி, சினிமாவுக்கு 30 நிமிஷம், நிகழ்ச்சி ஓடும்போது திரையின் ஓரத்தில் விளம்பரம் கூடாது, விளம்பரத்தின் சத்தம் நிகழ்ச்சியைவிட ஏறக்கூடாது. சேனல்கள் எதிர்த்தன. 2013 மார்ச்சில் வந்த திருத்தத்தில் இவையெல்லாம் போய் நிமிஷக் கணக்கு மட்டும் நின்றது. உளுந்தை அளந்து போடு, எப்படி அரைத்தால் எனக்கென்ன என்ற மாதிரி. இடைவெளி விதி போனதில்தான் பார்க்கிறவருக்கு நஷ்டம் என்று நினைக்கிறேன்.

ஒரு நாள் ராத்திரி கிரைண்டரில் உளுந்தைப் போட்டுவிட்டு, செல்போன் ஸ்டாப்வாட்சோடு ஒரு சேனலின் முன்னால் உட்கார்ந்தேன். 8 மணி சீரியல். மாமியார் கதவைத் திறக்கிறார், மருமகள் திரும்புகிறாள், பிரேக். குளியல் சோப்பு, நகைக்கடை, சிமென்ட், மறுபடி அதே சோப்பு. பிறகு அடுத்த சீரியலின் துணுக்கு. அங்கே விரல் தடுமாறியது, ஸ்டாப்வாட்சை நிறுத்திவிட்டேன். இதுவும் அந்த 2 நிமிஷக் கணக்கு என்று நினைவு வந்து மறுபடி அழுத்தினேன். நடுநடுவே எழுந்து போய், குழவி ஓரத்தில் ஒட்டியதை வழித்துவிட்டுத் தண்ணீர் தெளித்துவிட்டு வந்தேன்.

மூன்று பிரேக். 9 அடித்தபோது கூட்டினால் 11 நிமிஷம் 40 செகண்ட். வரம்புக்குள்! பார்த்துக்கொண்டிருந்த எனக்கோ பாதி நேரம் விளம்பரம் ஓடியதாகப்பட்டது. எங்கே ஏமாந்தேன் என்று நோட்டைப் பார்த்தால் விஷயம் மூன்றாவது பிரேக்கில் இருந்தது. அது 8:56க்குத் தொடங்கி 9:04 வரை ஓடியது. எனக்கு அது ஒரே மூச்சில் 8 நிமிஷம். கணக்கில் 4 நிமிஷம் எட்டு மணி ஆழாக்கில், 4 நிமிஷம் ஒன்பது மணி ஆழாக்கில். கடிகார முள் நடுவில் நின்று பாகம் பிரித்துக் கொடுத்துவிட்டது. வெறும் நிமிஷக் கணக்குப்படி பார்த்தால் ஒரு மணியின் கடைசி 12ஐயும் அடுத்த மணியின் முதல் 12ஐயும் ஒட்டவைத்து 24 நிமிஷம் தொடர்ச்சியாகப் போட்டாலும் இரண்டு ஆழாக்கும் தலை தட்டித்தான் இருக்கும். 15 நிமிஷ இடைவெளி விதி இருந்திருந்தாலும் இதைத் தடுத்திருக்காது, அது இரண்டு பிரேக்குக்கு நடுவில் உள்ள நேரத்தைத்தான் அளந்தது, பிரேக்கின் நீளத்தை அல்ல.

என் ஸ்டாப்வாட்சில் விழாதவையும் இருந்தன. மாமியார் அழும்போது திரை சுருங்கி, இடப்பக்கமும் கீழும் ஒரு பெயின்ட் விளம்பரம் வந்து போனது. அந்தச் சமயம் நான் கிரைண்டருக்கு ஓட, அதைக் குறிக்கவே இல்லை. கேபிள் விதிகளிலோ, நிகழ்ச்சி ஓடும்போது திரையின் கீழ்ப்பகுதியில் எழுத்து ஓடவிட்டு இடைஞ்சல் செய்யக்கூடாது என்று தெளிவாகவே இருக்கிறது. பிறகு கதைக்குள்ளேயே மருமகள் ஒரு மசாலாப் பாக்கெட்டைப் பெயர் தெரிகிற மாதிரிப் பிடித்தாள். அரிசிக்குள்ளேயே உளுந்தைக் கலந்து மூட்டை கட்டினால் எந்த ஆழாக்கு அளக்கும்?

சேனல்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. பத்திரிகைக்கு இப்படி அளவு வைக்கவில்லையே என்கிறார்கள். பத்திரிகையின் பக்கங்களையும் விளம்பர இடத்தையும் விலையோடு கட்டிப்போட 1956இல் ஒரு சட்டம் வந்தது. புனேயின் 'சகாள்' பத்திரிகை தொடுத்த வழக்கில், அது கருத்துச் சுதந்திரத்தைப் பறிக்கிறது என்று 1961இல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தைச் செல்லாததாக்கியது. ஆனால் பத்திரிகை விளம்பரம் இலையில் கிடக்கும் கறிவேப்பிலை. வேண்டாமென்றால் ஒதுக்கிவிட்டுச் சாப்பிடலாம். டிவி விளம்பரம் மாவோடு அரைத்தது. இதில் எனக்கு டிராய் பக்கம்தான் மனம் சாய்கிறது. இன்னொரு வாதத்தில் அவ்வளவு உறுதியாக இல்லை. பெரிய சேனல் 10 செகண்டுக்கு வாங்கும் காசைச் சின்னச் சேனல் பல துண்டு விற்றால்தான் பார்க்க முடியும். இருவருக்கும் ஒரே ஆழாக்கு என்றால் அடி படுவது தெருமுனை இட்லிக் கடைதான்.

டிராய் ஒழுங்குமுறைக்கு எதிரான சேனல்களின் வழக்கு டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. சேனல்கள் மீது கட்டாய நடவடிக்கை எதுவும் வேண்டாம் என்று 2013 டிசம்பரில் இடைக்கால உத்தரவு வந்தது. அதற்குப் பிறகு வருஷக்கணக்கில் வாய்தா. ஒவ்வொரு காலாண்டுக்கும் எந்தச் சேனல் மணிக்கு எவ்வளவு ஓட்டியது என்ற கணக்கைக் கேட்டு வாங்க டிராய்க்கு ஒழுங்குமுறையில் வழி உண்டு. கோபுரமாக அளந்தவர் கையைப் பிடிக்கத்தான் வழியில்லாமல் இருந்தது.

மறுநாள் ராத்திரி மாவு பொங்கி நின்றது. 8:56க்குப் பிரேக் விட்டதும் தட்டில் ஊற்றி அடுப்பில் ஏற்றினேன். மருமகள் திரும்பி வந்தபோது முதல் ஈடு கிட்டத்தட்ட வெந்திருந்தது.