டைனோசார்களும் வளர்ந்தோரின் ஆர்வமும்

டைனோசார் என்பது சிறுவர்களின் வேடிக்கைக்குரிய பொருள் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. பொருட்காட்சிச் சாலைகளில் சிறிது நேரம் நின்று கவனிப்போர் இதை ஏற்கமாட்டார்கள். சிறுவர்கள் அப்பிராணியின் உயரத்தைக் கண்டு வியந்து அடுத்த கூடத்திற்கு ஓடிவிடுகின்றனர். அவர்களை அழைத்து வந்த பெரியவர்களோ விளக்கப் பலகையை இருமுறை படிக்கின்றனர். பறவைகளை ஈன்ற கிளையைத் தவிர, ஏனைய டைனோசார்கள் அனைத்தும் சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் மறைந்துவிட்டன. ஒரு சில எலும்புகளைக் கொண்டு இவ்வளவும் எவ்வாறு அறியப்பட்டது என்னும் வினா வளர்ந்தவர்களை எளிதில் விடுவதில்லை. இந்தியாவில் இத்துறை தோன்றி வளர்ந்ததற்கு இவ்வினாவே பெரிதும் காரணம் எனலாம்.

1828-ஆம் ஆண்டில் ஜபல்பூரில் ஸ்லீமன் என்ற இராணுவ அதிகாரி, பாரா சிம்லா குன்றின் அருகே கல்லாக மாறிய எலும்புகளைக் கண்டெடுத்தார். 'டைனோசார்' என்ற சொல்லை ரிச்சர்டு ஓவன் ஆக்கியது 1842-ல்தான். ஆதலால் தம் கையில் இருப்பது இன்னதென அவர் அறிந்திருக்க வழியில்லை. தக்கர் என்ற வழிப்பறிக் கூட்டத்தாரை ஒடுக்கியவர் என்றே வரலாறு அவரை நினைவில் வைத்துள்ளது. எலும்புகள் ஸ்பில்ஸ்பரி என்ற மருத்துவர் வாயிலாகக் கல்கத்தாவில் நாணயசாலை அதிகாரியாக இருந்த ஜேம்ஸ் பிரின்செப்பைச் சென்றடைந்தன. அசோகர் கல்வெட்டுகளின் பிராமி எழுத்தைப் படித்தறிந்தவர் இவரே. போர்வீரர், மருத்துவர், நாணயப் பரிசோதகர் ஆகிய மூவரில் ஒருவருக்கும் எலும்பாராய்ச்சி தொழிலன்று.

அந்த வால் முள்ளெலும்புகளைக் கொண்டு 1877-ல் லைடெக்கர் 'டைட்டனோசாரஸ் இண்டிகஸ்' என்ற இனத்திற்குப் பெயரிட்டார். பின்னர் மூல எலும்பு எங்கோ மறைந்து, தொலைந்ததாகவே கருதப்பட்டு வந்தது. 2012-ல் அது கொல்கத்தாவில் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் சேகரிப்பிலேயே மீண்டும் கண்டறியப்பட்டது.

இடைக்காலத்தில் அதே குன்றைத் தோண்டியவர் சார்லஸ் மாட்லி. 1917 முதல் 1919 வரை பாரா சிம்லாவில் அகழ்ந்து பல எலும்புகளைத் திரட்டிய இவர், தமது அறுபத்தாறாம் வயதில், 1932-33-ல், மீண்டும் அங்கு வந்து தோண்டினார். ஜெர்மானிய அறிஞர் ஹியூனேயுடன் இவர் எழுதிய விரிவான நூல் 1933-ல் வெளிவந்தது. அதற்கு முன்பே, 1929-ல், திருச்சிராப்பள்ளி மாவட்டத்து டைனோசார்களைப் பற்றியும் இவர் ஒரு கட்டுரை வெளியிட்டிருந்தார்.

சுதந்திரத்திற்குப் பின் இப்பணிக்கு இடமளித்தது ஒரு புள்ளியியல் நிறுவனம் என்பது சிலருக்கு வியப்பளிக்கக்கூடும். மகலனோபிஸ் தமது நிறுவனத்தில் நிலவியல் பிரிவொன்றையும் அமைத்தார். அப்பிரிவினர் கோதாவரிப் பள்ளத்தாக்கில் ஏறத்தாழ 300 எலும்புகளை எடுத்தனர். ஒரு தொடையெலும்பின் நீளம் மட்டும் 1.7 மீட்டர். தாகூரின் நூற்றாண்டான 1961-ஐ ஒட்டி அகழ்வு நடந்தமையால், 1975-ல் அவ்வினத்திற்கு 'பாராபாசாரஸ் தாகூரை' எனப் பெயர் சூட்டப்பட்டது. 'பெரிய கால்' என்பதே முற்பகுதியின் பொருள்.

எல்லாத் தடயங்களும் இவ்வளவு பெரியவையல்ல. மத்தியப் பிரதேசத்தில் தார் மாவட்டத்தைச் சார்ந்த பகுதியில் 92 கூடுகளும் 256 முட்டைகளும் கண்டறியப்பட்ட செய்தி 2023-ல் வெளியாயிற்று. அம்முட்டைகள் 15 முதல் 17 சென்டிமீட்டர் வரை குறுக்களவு கொண்டவை; பழக்கமில்லாத கண்ணுக்கு உருண்டைக் கற்களே. வயல்வெளிகளில் நடமாடும் களப்பணியாளரும் ஊர்ப்பள்ளி ஆசிரியரும் விஞ்ஞானிகளுக்கு முன்பே இத்தகைய கற்களைக் காண்பவர்கள். ஐயத்திற்குரிய எலும்போ கல்லோ தென்பட்டால், அதைப் பெயர்த்தெடுக்காமல், அருகில் ஓர் அளவுகோலை வைத்து நிழற்படம் எடுத்து, இடத்தைக் குறித்துக்கொண்டு புவியியல் ஆய்வுத் துறைக்குத் தெரிவிப்பதே முறை. நிழற்படத்திற்கு எத்துணை மதிப்பு உண்டாகக்கூடும் என்பதற்கு அரியலூர்ப் பகுதியிலுள்ள கல்லமேடு சான்றாக உள்ளது.

அங்குக் கிடைத்த மாபெரும் எலும்புகளை யாதகிரி, அய்யாசாமி என்னும் இருவர் 1987-ல் விவரித்து, 'பிருஹத்காயோசாரஸ் மாட்லேயி' எனப் பெயரிட்டனர். பேருடல் என்று பொருள்படும் வடசொல்லுடன், ஜபல்பூரைத் தோண்டிய மாட்லியின் பெயரும் அதில் நிலைபெற்றது. முதலில் ஊனுண்ணி என எண்ணப்பட்ட அப்பிராணி, நீள்கழுத்துத் தாவர உண்ணி இனத்தைச் சேர்ந்ததெனப் பிற்காலத்தார் கருதினர். முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பு 2 மீட்டர் நீளம் எனக் குறிக்கப்பட்டிருந்தது. உண்மையெனில், நிலத்தில் வாழ்ந்த பிராணிகளிலேயே மிகப் பெரியவற்றுள் இதுவும் ஒன்றாகும். ஆயினும் சரிபார்க்க எலும்பு இல்லை. ஈரத்தால் நலிந்திருந்த அவை, பாரிஸ் சாந்துக் கட்டுக்குள்ளேயே உதிர்ந்துபோயின. எஞ்சியவை சில கோட்டுப் படங்கள் மட்டுமே. ஆகவே, அது எலும்பன்று, கல்மரம் என்று ஐயுற்றவர்களும் இருந்தனர்.

முதற் கட்டுரை வெளியாகி முப்பத்தைந்து ஆண்டுகள் கழிந்த பின், 2022-ல், அக்கட்டுரையின் ஆசிரியர்களுள் ஒருவரான அய்யாசாமி, பால் என்ற இளைய ஆய்வாளருடன் சேர்ந்து, அகழ்வின்போது எடுக்கப்பட்ட பழைய நிழற்படங்களை வெளியிட்டார். அவற்றில் இருப்பவை எலும்புகளே என்று பலரும் ஏற்றனர். 2023-ல் வெளிவந்த ஒரு மதிப்பீடு அப்பிராணியின் எடை 100 டன்னுக்கும் மேற்பட்டது என்று கூறுகிறது. நிழற்படத்தை மட்டும் கொண்டு எடை காண்பது தகுமா என்பது பற்றிக் கருத்து வேற்றுமை உள்ளது. கல்லமேட்டிலிருந்து மற்றோர் எலும்பு கிடைத்தாலன்றி அது தீராது.