செவலை குட்டி போட்ட மார்கழி

கானாடுகாத்தானில் ஒரு செட்டியார் வீட்டுக்குப் பதினெட்டு வருஷமாக நான்தான் காவல். ஆச்சி குடும்பம் சென்னையில். கல்யாணம், காரியம் என்றால் வருவார்கள். மற்ற நாளெல்லாம் நானும் செவலையும்தான். போன மார்கழியில் செவலை இரண்டாங்கட்டுத் தாழ்வார மூலையில் ஐந்து குட்டி போட்டது.

முதல்நாள் வரை என் கையில் சோறு தின்ற நாய், அன்றைக்கு என்னைப் பார்த்தே உறுமியது. தாய் நாய் எடுத்தவுடன் கடிக்காது. உடம்பு விறைக்கும். தின்றுகொண்டிருந்தால் நிறுத்திவிட்டு அசையாமல் நிற்கும். வெள்ளை விழி தெரிய ஓரக்கண்ணால் பார்க்கும். அதற்கும் அடங்காவிட்டால்தான் உறுமும். உறுமுகிறதே என்று அடித்துவிடாதீர்கள். அடுத்த தடவை உறுமாமலே கடிக்கும்.

பக்கத்து வீட்டுப் பையனுக்கு ஏழு வயசு. "அத்தை, ஒரே ஒரு குட்டியைத் தூக்கிக்கிறேன்" என்று குனிந்துவிட்டான். நான் தடுப்பதற்குள் மணிக்கட்டில் பல் பட்டுவிட்டது. அவனை உள்ளே விட்டது என் தப்பு. குழாயடியில் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவி, பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். "வளர்த்த நாய்தானே, சுண்ணாம்பு வை" என்றார்கள் தெருவில். வைக்கக் கூடாது. வெறிநோய் வெளியே தெரிந்துவிட்டால் பிழைக்க வைக்க மருந்தில்லை. தடுப்பூசி அரசு ஆஸ்பத்திரியில் இலவசம். அத்தனை தவணையையும் போட்டு முடித்தோம்.

கடிபட்ட மறுநாள் வேறு கவலை. எங்கள் வீட்டுத் தரை ஆத்தங்குடிக் கல், கண்ணாடி மாதிரி வழுவழுப்பு. மார்கழிக் குளிரில் கால் வைத்தாலே சில்லிடும். ஒரு குட்டி காலைப் பரப்பிக்கொண்டு, தாயிடம் ஊர்ந்து போக முடியாமல் கிடந்தது. கால்நடை மருந்தகத்து டாக்டரிடம் போய்க் கேட்டேன். பிறந்த குட்டிக்கு முதல் வாரம் நடுங்கிச் சூடேற்றிக்கொள்ளத் தெரியாதாம். உடம்பு சில்லிட்ட குட்டிக்குப் பால் செரிக்காது. முதலில் சூடு, அப்புறம்தான் பால். அதுவும் தாய்ப்பால். நாய்ப்பாலில் இருக்கும் கொழுப்பும் புரதமும் பசும்பாலில் பாதிகூடத் தேறாது.

மீன் தலை போட்ட கஞ்சியை முற்றத்தில் வைத்துச் செவலையைக் கூப்பிட்டேன். அது குடிக்கும் நேரத்தில் சாக்கை விரித்து, மேலே பழைய வேட்டித் துணி போட்டேன். அதன் வாசனை போகாமலிருக்கப் பழைய துணியில் பாதியை அப்படியே விட்டேன். குட்டியைத் தொடுமுன் உள்ளங்கையை அந்தத் துணியில் தேய்த்துக்கொண்டேன். நெஞ்சுக்கும் பின்பக்கத்துக்கும் கை கொடுத்து, தரையை ஒட்டியே தூக்கி, செவலை பார்க்கும்படியே திரும்ப வைத்தேன். குட்டி கத்தினால் உடனே கீழே வைத்துவிட வேண்டும். சமையல்கட்டுத் தராசில் நிறுத்துப் பார்த்தேன். எட்டு, பத்து நாளில் எடை இரட்டித்தால் பால் போதுகிறது என்று அர்த்தம்.

மனுஷக் கை பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்பார்கள். பழகிய நாய் அப்படிச் செய்யாது. தெரு நாயை அடிக்கடி கலைத்தால்தான் குட்டிகளைக் கவ்விக்கொண்டு இடம் மாறும். அதில் ஒன்றிரண்டு தவறிப்போகும்.

மூன்றாம் வாரத்தில் செவலையே குட்டிகளை விட்டுத் தெருவுக்குப் போய்வர ஆரம்பித்தது. மனுஷரிடம் குட்டி பழக வேண்டிய காலமும் அப்போதுதான் தொடங்குகிறது. அந்தப் பையன் திண்ணையில் உட்கார, குட்டிகளே அவன் மடிக்கு வந்தன. பால் கொடுக்கிற நாய் அந்தச் சமயத்தில் மூச்சிரைத்து நடுங்கினால், கால் விறைத்தால், தாமதிக்காமல் டாக்டரிடம் கொண்டுபோங்கள். சுண்ணாம்புச் சத்துக் குறைந்தே உயிர் போய்விடும்.

வருகிற மார்கழியில் உங்கள் தெருத் திண்ணையடியில் ஒரு நாய் குட்டி போட்டிருந்தால், மூன்று வாரம் பிள்ளைகளைத் தள்ளி நிறுத்துங்கள். ஒரு சாக்கும் ஒரு சட்டிக் கஞ்சியும் எட்ட வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.