நஞ்சுக்கொடி ஒன்றா, இரண்டா?

நெதர்லாந்தின் மைடன் கோட்டையில் 1617இல் தீட்டிய ஓவியம் ஒன்று இருக்கிறது. கழுத்துவரை துணி சுற்றிய இரண்டு பச்சைக் குழந்தைகள் அருகருகே கிடக்கின்றன. ஆம்ஸ்டர்டாம் மேயர் ஒருவருடைய இரட்டைப் பிள்ளைகள் என்று சொல்வார்கள்; வரைந்தவர் யாரென்று தெரியவில்லை. ஒரே வயிற்றில், ஒரே நாளில் பிறந்த பிள்ளைகள்தான். முகத்தின் நிறம் மட்டும் ஒத்துவரவில்லை. ஒன்று வெளிறிக் கிடக்கிறது, மற்றதன் கன்னமெல்லாம் சிவப்பு.

ஓவியத்தைக் கூர்ந்து பார்த்த மருத்துவர்களுக்கு அது தூரிகையின் வேலையாகத் தோன்றவில்லை. கருப்பைக்குள் இருந்தபோதே ஒரு குழந்தையின் ரத்தம் இன்னொன்றுக்குப் போய்ச் சேர்ந்ததன் அடையாளம் என்றே அவர்கள் கருதுகிறார்கள். இன்று அதற்குப் பெயர் உண்டு, சிகிச்சையும் உண்டு. ஆனால் நேரத்தோடு கண்டுபிடித்தால்தான் சிகிச்சை.

ஆயிரம் பிரசவத்தில் மூன்றோ நான்கோ ஒத்த இரட்டையர் பிரசவமாக இருக்கும். ஒரே கருமுட்டை தற்செயலாக இரண்டாகப் பிரிவதால் பிறப்பவர்கள் இவர்கள். இரட்டை வாழைப்பழம் தின்றதால் வந்ததென்று பாட்டிமார் சொல்வார்கள். அது காரணமில்லை, பெரும்பாலும் பரம்பரையும் காரணமில்லை. கரு எந்த நாளில் பிரிகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. முதல் மூன்று நாளுக்குள் பிரிந்தால் ஆளுக்கொரு நஞ்சுக்கொடி, ஆளுக்கொரு பனிக்குடம். நான்காம் நாளிலிருந்து எட்டாம் நாளுக்குள் என்றால் பனிக்குடம் இரண்டு, நஞ்சுக்கொடி ஒன்று. ஒத்த இரட்டையரில் ஏறக்குறைய 70 சதவீதம் பேர் இந்த வகைதான். அதற்கும் பிந்தினால் பனிக்குடமும் ஒன்றாகிவிடும். தொப்புள்கொடிகள் ஒன்றோடொன்று சிக்கும் அபாயம் வரும். இரண்டு வாரத்தை நெருங்கும்போது பிரிந்தால் பிரிவு முழுமையாவதில்லை. 1811இல் சியாமில் பிறந்த சாங், எங் சகோதரர்கள் போல ஒட்டிப் பிறப்பார்கள்.

ஒரே நஞ்சுக்கொடி என்பது இரண்டு வீட்டுக்கு ஒரே தண்ணீர்த் தொட்டி வைத்ததுபோல. தொட்டி பொதுவென்றால் குழாய்களும் எங்கோ ஒன்றோடொன்று இணைந்துதான் இருக்கும். இப்படிப்பட்ட இரட்டையர் அநேகமாக எல்லோருக்கும் அந்த இணைப்புகள் உண்டு. இங்கிருந்து அங்கே போகும் ரத்தமும் அங்கிருந்து இங்கே வரும் ரத்தமும் சரிக்குச் சரியாக இருக்கும்வரை ஒன்றும் ஆகாது. நூறில் 10 முதல் 15 கர்ப்பங்களில் அந்தக் கணக்கு தப்பிவிடுகிறது. ஒரு பிள்ளை கொடுத்துக்கொண்டே இருக்கிறது, மற்றது வாங்கிக்கொண்டே இருக்கிறது. இதைத்தான் இரட்டையர் ரத்தமாற்ற நோய் என்கிறார்கள். பெரும்பாலும் 16ஆம் வாரத்திலிருந்து 26ஆம் வாரத்துக்குள் தலைகாட்டும்.

கொடுக்கும் பிள்ளைக்கு ரத்தம் குறைகிறது, சிறுநீர் சுரப்பது நின்றுபோகிறது. நான்கு மாதத்துக்குப் பிறகு பனிக்குட நீர் என்பதே பெரும்பாலும் குழந்தையின் சிறுநீர்தான். அது வற்றியதும் பனிக்குடத்தின் சவ்வு ஈரத்துணிபோல உடம்போடு ஒட்டிக்கொள்ள, பிள்ளை அசைய முடியாமல் கருப்பையின் ஓரத்தில் கிடக்கும். வாங்கும் பிள்ளை பாக்கியசாலி என்று நினைத்துவிட வேண்டாம். அளவுக்கு மிஞ்சிய ரத்தத்தைத் தள்ளித் தள்ளி அதன் இதயம் களைத்துப்போகிறது. அதன் பனிக்குடம் நீரால் உப்புகிறது. ஸ்கேனில் ஒரு பக்கம் நீரின் ஆழம் 2 சென்டிமீட்டருக்கும் கீழே, மறுபக்கம் 8 சென்டிமீட்டருக்கும் மேலே என்றால் நோய் உறுதி. முற்றிய நிலையில் அப்படியே விட்டால், பத்தில் எட்டு ஒன்பது குழந்தைகள் பிழைப்பதில்லை.

தாய்க்குத் தெரியும் அறிகுறி ஒன்றே ஒன்று. சில நாட்களுக்குள் வயிறு திடீரெனப் பெருத்து, கல்லுபோல் இறுகி, மூச்சு வாங்கும். “ரெட்டைப் பிள்ளைன்னா வயிறு பெருசாத்தான் இருக்கும்” என்று வீட்டில் சமாதானம் சொல்வார்கள். அந்த அன்பான சமாதானம்தான் பல நேரம் ஆபத்தாக முடிகிறது.

அமெரிக்க மருத்துவர் ஜூலியன் டி லியா 1988இல் புது வழி ஒன்றைத் தொடங்கிவைத்தார். தாயின் வயிற்றில் சின்னத் துளை போட்டு, சுமார் 3 மில்லிமீட்டர் பருமனுள்ள குழாயை உள்ளே செலுத்துகிறார்கள். அதன் முனையில் கேமரா. திரையில் நஞ்சுக்கொடியின் மேற்பரப்பு தெரியும்; வேர்கள்போல ரத்தக்குழாய்கள் ஓடும். இரண்டு பிள்ளைகளின் குழாய்களும் சந்திக்கும் இடங்களை ஒவ்வொன்றாகத் தேடி, லேசர் ஒளியால் சுட்டு அடைக்கிறார்கள். சுட்ட இடம் வெளுத்துப்போகும். பிறகு மிகுந்திருக்கும் நீரை வடித்துவிடுகிறார்கள். ஒரு நஞ்சுக்கொடியை இரண்டு பங்காகப் பிரித்துக் கொடுப்பதுதான் இந்த அறுவை.

முன்பெல்லாம் ஊசியால் நீரை மட்டும் அடிக்கடி எடுத்துவந்தார்கள். ஐரோப்பாவில் இரண்டு முறைகளையும் 142 தாய்மாரிடம் ஒப்பிட்ட ஆய்வு 2004இல் வெளியானது. பிறந்து 28 நாள்வரை ஒரு குழந்தையாவது பிழைத்தது லேசர் முறையில் 76 சதவீதம், நீர் எடுத்த முறையில் 56 சதவீதம். லேசருக்குப் பிறகும் பனிக்குடம் முன்கூட்டியே உடையலாம், குறைமாதப் பிரசவம் ஆகலாம். ஆனாலும் கைவிரித்து நின்ற காலத்தோடு பார்த்தால் இது பெரிய வாழ்வு.

ரத்தமாற்ற நோய்க்குத் தங்கை நோய் ஒன்றும் உண்டு. இதில் இணைப்புக் குழாய்கள் ஒரு மில்லிமீட்டரைவிட மெல்லியவை. ரத்தம் சொட்டுச் சொட்டாக மாறும். பனிக்குட நீரில் வித்தியாசமே தெரியாது. பிறக்கும்போது ஒன்று ரத்தசோகையோடு வெளிறி இருக்கும், மற்றது கருஞ்சிவப்பாக இருக்கும். இதைத் தனி நோயாக இந்த நூற்றாண்டில் அடையாளம் காட்டியவர்கள் நெதர்லாந்தின் லைடன் நகர மருத்துவர்கள். அந்தப் பழைய ஓவியம் இருக்கும் அதே நாடு. குழந்தையின் மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் ரத்தம் எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று டாப்ளர் ஸ்கேனில் அளந்தால் இதைப் பிடித்துவிடலாம்.

இன்னும் அரிதானது, சுமார் 35,000 கர்ப்பங்களில் ஒன்றில் வருவது: ஒரு கருவுக்கு இதயமே உருவாகாமல் போகும். இருக்கும் ஒரே இதயம் இரண்டு உடம்புக்கும் உழைக்கும். நலமான பிள்ளையைக் காப்பாற்ற, மற்றதற்குப் போகும் ரத்த ஓட்டத்தை மருத்துவர்கள் நிறுத்த வேண்டியிருக்கும். எந்தப் பெற்றோருக்கும் எளிதில் சம்மதிக்கக்கூடிய முடிவில்லை அது.

இரட்டைப் பிள்ளை என்று தெரிந்ததும் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, “ரெண்டும் ஒரே மாதிரி இருக்குமா?” அதை விட்டுவிட்டு, ஸ்கேன் அறையிலேயே “நஞ்சுக்கொடி ஒன்றா, இரண்டா?” என்று கேளுங்கள். பதிலை ரிப்போர்ட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். ஒன்று என்றால் 16ஆம் வாரத்திலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஸ்கேன் பார்த்தாக வேண்டும். இடையில் வயிறு சட்டென்று இறுகினால் அடுத்த தேதிவரை காத்திருக்காமல் அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். நஞ்சுக்கொடியை எண்ணிச் சொல்லச் சரியான காலம் 11ஆம் வாரத்திலிருந்து 14ஆம் வாரத்துக்குள். அதன் பிறகு உறுதியாகச் சொல்வது கடினம்.