கியர் உதைத்தால் பெட்டி போய்விட்டதா?

அமெரிக்காவில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் பழைய பிக்கப் லாரிகள் சிலவற்றில், ஆட்டோமேட்டிக் கியர் ஒன்றிலிருந்து இரண்டுக்கு மாறும்போது, பின்னாலிருந்து யாரோ முட்டியதுபோல் வண்டி குலுங்கும். "கியர் பெட்டி போய்விட்டது, இறக்கிப் பிரிக்க வேண்டியதுதான்" என்று உரிமையாளர் முடிவு கட்டிவிடுகிறார். பிரித்துச் சீர்செய்யும் செலவோ சில வேளைகளில் அந்தப் பழைய லாரியின் விலையையே தொட்டுவிடும். அப்படியானால் உதைக்கும் பெட்டிகள் எல்லாம் பழுதடைந்தவைதானா? இல்லை. பல சமயங்களில் அந்த உதைப்பு, பெட்டி தன்னைக் காத்துக்கொள்ளும் ஏற்பாடாகும்.

அழுத்தமே அடிப்படை

பெட்டிக்குள் இருக்கும் கிளட்ச் தட்டுகளை இறுகப் பிடிக்க வைப்பது எண்ணெயின் அழுத்தம். காலி வண்டி மெதுவாகச் செல்லக் குறைந்த அழுத்தம் போதும். பாரத்துடன் மேடேறும்போது அழுத்தம் கூட வேண்டும். கூடாவிட்டால் தட்டுகள் வழுக்கிக் கருகிவிடும். ஆகவே எஞ்சின் எவ்வளவு சிரமப்படுகிறது என்ற செய்தி பெட்டிக்கு இடைவிடாமல் போய்ச்சேர வேண்டும். செய்தி தவறினால், பல பெட்டிகள் அதிக அழுத்தத்துக்கே போகும்படி வடிவமைக்கப்பட்டுள்ளன. தட்டுகள் பிழைத்துக்கொள்ளும், வண்டியில் இருப்பவர்கள்தான் குலுங்குவார்கள்.

செய்தி போகும் வழி

ஜெனரல் மோட்டார்ஸ் லாரிகளை எடுத்துக்கொள்வோம். 1964இல் வந்த டர்போ 400 பெட்டிக்கு, எஞ்சினிலிருந்து ஒரு வெற்றிடக் குழாய் செய்தி கொண்டுபோகிறது. ரப்பர் வெடித்தாலோ கழன்றாலோ, எஞ்சின் முழுப் பாரம் இழுப்பதாகப் பெட்டி எண்ணிக்கொள்ளும். அக்குழாயைக் கழற்றிப் பார்க்கும்போது உள்ளே கியர் எண்ணெய் இருந்தால், அது இணையும் கருவியின் சவ்வு கிழிந்துவிட்டது என்று பொருள். எஞ்சின் அந்த எண்ணெயை உறிஞ்சி எரிப்பதால் வெள்ளைப் புகையும் வரும். எஞ்சினே கெட்டுவிட்டது என்று ஏமாறுபவர்களும் உண்டு.

1982இல் வந்த 700ஆர்4 பெட்டியில் அந்த வேலையைச் செய்வது ஒரு கேபிள். அது அதிகம் இறுகியிருந்தால் கியர் தாமதமாகவும் முரட்டுத்தனமாகவும் மாறும். தளர்ந்திருந்தால் மென்மையாக மாறும்; ஆனால் அழுத்தம் குறைந்து கிளட்ச் எரிந்துபோகும். சொகுசுக்காகக் கேபிளைத் தளர்த்துபவர் பெட்டிக்குத் தாமே கொள்ளி வைக்கிறார்.

1993இல் வந்த 4எல்60இ பெட்டியில் கணினி பொறுப்பேற்றது. இதில் ஒரு விந்தை உண்டு. அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் சோலனாய்டுக்கு மின்னோட்டம் குறையக் குறைய அழுத்தம் ஏறும். மின்னோட்டம் நின்றுவிட்டால் உச்சத்துக்குப் போய்விடும். ஆகவே ஒரு வயர் அறுந்தாலே எல்லா கியரும் உதைக்கும். பி1870 என்ற பழுதுக் குறியீடு வந்தால் நிலைமை வேறு. பெரும்பாலும் வால்வு ஓடும் துளை தேய்ந்திருக்கும். கணினி வேண்டுமென்றே அழுத்தத்தை ஏற்றுகிறது. குறியீடு எதுவுமில்லாமல் இரண்டாவது கியர் மட்டும் உதைத்தால், அதிர்வைத் தாங்கும் சிறு பிஸ்டன் விரிசல் விட்டிருக்கலாம். பெட்டியை இறக்காமல், அடியிலுள்ள எண்ணெய்த் தட்டைக் கழற்றியே அதை மாற்றிவிடலாம்.

எதை முதலில் பார்ப்பது?

முதலில் எண்ணெய். இந்த லாரிகளில் எஞ்சினை ஓடவிட்டு, சூடேறிய பின், 'பார்க்' நிலையில் அளவு பார்க்க வேண்டும். எண்ணெய் கறுத்துக் கருகல் வாடை அடித்தால், தட்டுகள் எரிந்திருக்க வாய்ப்பு அதிகம்.

இரண்டாவது, பெட்டிக்கு வெளியே உள்ளவை. எஞ்சினைத் தாங்கும் ரப்பர்கள் கிழிந்திருந்தாலும், பின்சக்கரத்துக்குச் செல்லும் தண்டின் மூட்டுகள் தளர்ந்திருந்தாலும், எஞ்சின் நின்ற இடத்தில் வேகமாக ஓடினாலும் கியர் உதைப்பதுபோலவே தோன்றும்.

மூன்றாவது, குழாய், கேபிள், வயர், பழுதுக் குறியீடு. கடைசியாக அழுத்தமானி. அழுத்தம் தேவைக்கு மேல் இருந்தால், கோளாறு கட்டுப்பாட்டில் இருக்கிறது. அழுத்தம் சரியாக இருந்தும் உதைத்தால் பிஸ்டன் பக்கம் பார்க்க வேண்டும்.

அதற்காக உதைப்பை அப்படியே விட்டுவிடக் கூடாது. நாளடைவில் தண்டின் மூட்டுகளும் ரப்பர்களும் சேர்ந்து கெடும். ஆனால் பெட்டியைப் பிரிக்கச் சம்மதிக்கும் முன், "அழுத்தம் எவ்வளவு காட்டியது?" என்று பட்டறையில் ஒரு கேள்வி கேட்பது நல்லது. அதற்குப் பதில் இல்லையென்றால், பரிசோதனை இன்னும் முடியவில்லை என்றே பொருள்.