எந்த அலுவலகத்தை நாடுவது?

கனடாவின் டொராண்டோ நகரில் புதிதாகக் குடியேறுவோருக்கு உதவிகள் குறைவு என்று சொல்லிவிட முடியாது; மொழி வகுப்பு, உணவு வங்கி, சட்ட ஆலோசனை, வீட்டு வாடகைத் தகராறுகளில் துணை எனப் பலவும் உள்ளன. ஆயினும் இவற்றுள் சிலவற்றை மத்திய அரசும், சிலவற்றை ஒன்டாரியோ மாகாண அரசும், சிலவற்றை மாநகராட்சியும், எஞ்சியவற்றைத் தொண்டு நிறுவனங்களும் நடத்துவதால், தமக்கு வேண்டியது யாரிடம் இருக்கிறது என்று அறிவதே வந்தவருக்குப் பெரும்பாடாகிறது.

இந்தத் தேடலில் துணைநிற்பதற்கென்றே ஒரு சேவை உண்டு. அமெரிக்காவின் அட்லாண்டாவில் 1997இல் தொடங்கிய 211 என்னும் தொலைபேசி எண், 2002இல், கனடாவிலேயே முதலாவதாக, டொராண்டோவுக்கு வந்தது. கட்டணமின்றி இரவு பகலாக இயங்கும் இந்த எண்ணை அழைப்பவர், மொழிபெயர்ப்பாளர் துணையுடன் தமிழிலும் பேசலாம். மறுமுனையில் இருப்பவர் பணமோ வீடோ தருவதில்லை. அழைப்பவரின் நிலையைக் கேட்டறிந்து, அதற்குப் பொருந்தும் நிறுவனம் எது, அது எப்போது திறந்திருக்கும், என்னென்ன ஆவணங்கள் வேண்டும் என்று சொல்கிறார். இதற்கு அடிப்படையாக இருப்பது, சேவைகள் குறித்த ஒரு தரவுத்தளம். நிதி நின்று நிறுவனங்கள் மூடப்படுவதும் இடம் மாறுவதும் இயல்பாதலால், அதனை இடைவிடாது சரிபார்க்கும் உழைப்பே, வெளியே தெரியாவிட்டாலும், இச்சேவையின் உண்மையான பலம் எனலாம்.

சேவை எங்குள்ளது என்பதினும் சிக்கலானது, அதைப் பெறும் தகுதி யாருக்கு உண்டு என்பது. மத்திய அரசின் நிதியில் நடக்கும் 'லிங்க்' எனப்படும் மொழி வகுப்புகளில் நிரந்தர வதிவுரிமை பெற்றோரும், அகதியாக ஏற்கப்பட்டோரும் சேரலாம். அகதிக் கோரிக்கை இன்னும் முடிவாகாதவருக்கு அங்கே இடமில்லை, ஆனால் மாகாண நிதியில் நடக்கும் ஆங்கில வகுப்புகளில் அவர் சேர முடியும். ஒரே தெருவில் வாழும் இருவருக்கு ஒரே கேள்விக்கு இருவேறு விடைகள் அமைவது இதனால்தான்.

1983க்குப் பின் பெருந்தொகையாக வந்து ஸ்கார்பரோ பகுதியில் வேரூன்றிய ஈழத் தமிழர்க்கு, முன்னரே வந்த உறவினரும் ஊராருமே வழிகாட்டிகளாயினர். அந்த வழிகாட்டலில் பரிவு மிகுதி. எனினும், ஒருவர் தாம் வந்த காலத்து விதியையே இன்றைய விதியாகச் சொல்லிவிடும் இடர் அதில் உண்டு. மாகாண மருத்துவக் காப்பீட்டுக்கு இருந்த மூன்று மாதக் காத்திருப்பு 2020 மார்ச்சில் நீக்கப்பட்டதை அறியாத உறவினர், காப்பீடு பெறத் தகுதியுள்ள புதியவரையும் வீணே காத்திருக்கச் சொல்லக்கூடும்.

தொலைபேசியில் பேசத் தயங்குவோர் நேரிலும் கேட்கலாம். பொது நூலகக் கிளைகள் சிலவற்றில் குடியமர்வுப் பணியாளர்கள், அதாவது புதியவர்க்கு வழிகாட்டப் பயிற்சி பெற்றோர், அமர்ந்துள்ளனர். பள்ளிகளிலும் இத்தகையோர் பணிபுரிகின்றனர். குடிவரவு ஆவணம் இல்லை என்பதற்காக எந்தப் பிள்ளையையும் சேர்க்க மறுக்கக் கூடாது என ஒன்டாரியோவின் கல்விச் சட்டம் விதித்திருப்பதால், வேறெந்த அலுவலகத்துக்கும் செல்ல அஞ்சும் பெற்றோரும் பள்ளிக்கு வருகின்றனர்.