இரண்டரை நிமிஷம்!

அடுப்பில் வைத்த பால் பொங்குவதற்குக்கூட இரண்டரை நிமிஷத்துக்கு மேல் ஆகும். ஆனால் அதே இரண்டரை நிமிஷம் ஒரு பெண்ணின் உத்தியோகத்தைத் தீர்மானித்துவிடுகிறது என்றால் நம்புவீர்களா?

போலீஸ் வேலைக்கு விண்ணப்பம் போட்ட பெண்களைக் கேளுங்கள், சொல்வார்கள். எழுத்துத் தேர்வில் தேறினால் மட்டும் போதாது. 2023-ஆம் ஆண்டு இரண்டாம் நிலைக் காவலர் தேர்வு அறிவிப்பின்படி, பெண்கள் 400 மீட்டரை இரண்டரை நிமிஷத்துக்குள் ஓடி முடிக்க வேண்டும். அதற்குப் பிறகு நீளம் தாண்டுதல், குண்டு அல்லது கிரிக்கெட் பந்து எறிதல், குறுந்தூர ஓட்டம் எல்லாம் உண்டு. உயரமும் அளப்பார்கள்; கொண்டையை உயர்த்திக் கட்டி ஏமாற்ற முடியாது!

1973-ல் தமிழ்நாட்டில் மகளிர் காவல் தொடங்கியபோது இருந்தவர்கள் ஒரு சப்-இன்ஸ்பெக்டர், ஓர் ஏட்டு, இருபது காவலர்கள். அவ்வளவே! 1992-ல் சென்னை ஆயிரம் விளக்கில் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் வந்தது. இன்று சோளிங்கர் போன்ற ஊர்களிலும் இந்த வேலையைக் கனவு காணும் பெண்கள் இருக்கிறார்கள்.

சோளிங்கர்ப் பெண்களுக்குப் படி ஏறுவது புதிதா என்ன? யோக நரசிம்மர் குடிகொண்ட பெரிய மலைக்கு 1,305 படிகள். கார்த்திகை ஞாயிறுகளில் பாட்டிமார்கூட 'கோவிந்தா' என்று சொல்லிக்கொண்டே ஏறிவிடுவார்கள். 2024-ல் ரோப் கார் வந்துவிட்டது. பாட்டி அதில் போகட்டும்; பேத்தி படியில் ஏறட்டும்! தொடைக்கு வலுவும் மூச்சுக்கு நிதானமும் கிடைக்கும்.

ஆனால் மலையை மட்டும் நம்பிவிடக் கூடாது. பரீட்சை நடப்பது சமதளத்தில். வேகமாகப் படி இறங்கினால் முழங்கால் நோகும். ஆகவே வாரத்துக்கு ஒரு நாள் மலை, மூன்று நான்கு நாள் மைதானம் என்று வைத்துக்கொள்வது நல்லது. முதலில் ஒரு நிமிஷம் ஓட்டம், இரண்டு நிமிஷம் நடை. பிறகு மெல்ல மெல்ல ஓட்டத்தைக் கூட்ட வேண்டும். இதற்கு மூன்று மாதமாவது வேண்டும். கடைசி வாரத்தில் விழுந்து விழுந்து ஓடினால் கால் பிடித்துக்கொள்ளும். நூறு மீட்டருக்கு முப்பத்தேழு வினாடி என்று கணக்கு வைத்து ஒரே சீராக ஓடிப் பழக வேண்டும். ஆரம்பத்தில் பாய்ந்தவர்களே முடிவில் திணறுகிறார்கள்.

ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் பெண்கள் தைக்கும் காலணிகள் கடல் கடந்து போகின்றன. நம் பெண் மட்டும் தேய்ந்த செருப்போடு ஓடுவானேன்? நல்ல காலணி ஒன்றை முன்னதாகவே வாங்கி, பழக்கிக்கொள்ளட்டும். பரீட்சையன்று புதுக் காலணியும் வேண்டாம், புதுப் பலகாரமும் வேண்டாம். அடிக்கடி மயக்கமும் களைப்பும் வந்தால் ரத்தசோகையா என்று டாக்டரிடம் காட்டிவிட வேண்டும்.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. பிள்ளை பரீட்சைக்குத் தயாரானால் முட்டையும் பாலும் கொடுத்து, "தூங்கட்டும், எழுப்பாதே" என்கிறோம். பெண் தயாரானால், "வாசல் தெளித்துக் கோலம் போட்டுவிட்டு ஓடப் போ" என்கிறோம். இது நியாயமா? அந்த மூன்று மாதம் கோலத்தைத் தம்பி போடட்டும். கொஞ்சம் கோணலாக இருந்தால்தான் என்ன? அக்கா நேராக ஓடுவாள்!