டாக்டர் வைத்த படிப் பரீட்சை

சென்ற குளிர்காலத்தில் என் அண்ணாவுக்கு வலது நுரையீரலில் கட்டி என்று தெரிந்ததும் வீட்டில் எல்லோரும் கேட்டது, "ஆபரேஷன் எப்போது?" என்பதுதான். டாக்டர் கேட்டதோ, "இவர் எத்தனை மாடி ஏறுவார்?"

எனக்குக் கோபம் வந்தது. உடம்பு முடியாதவரை மாடி ஏறச் சொல்வதா? பிறகுதான் அவர் விளக்கினார். குழாயில் ஊதிப் பார்க்கும் சோதனை நுரையீரலை மட்டுமே காட்டும். படி ஏறும்போதோ நுரையீரல், இதயம், ரத்தம், தசை எல்லாம் சேர்ந்து உழைக்க வேண்டும். மார்பைத் திறந்து ஒரு பகுதியை எடுத்த பிறகு உடம்பு படப்போகும் பாடும் அப்படிப்பட்டதே.

நிற்காமல் 22 மீட்டர் உயரம் ஏறிவிட்டால் ஆபத்து குறைவு என்பது ஒரு கணக்கு. படிக்கு 16 சென்டிமீட்டர் என்றால் சுமார் 140 படிகள். சர்க்கார் குவார்ட்டர்ஸில் முப்பது வருஷம் மூன்றாம் மாடியில் குடியிருந்த அண்ணாவுக்கு இதென்ன பிரமாதம் என்றுதான் நினைத்தேன். விரலில் ஆக்ஸிஜன் பார்க்கும் கிளிப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார். பக்கத்தில் டாக்டர்; பின்னால், அவரைவிட அதிகமாக மூச்சு வாங்கிக்கொண்டு நான். 84ஆவது படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். "போதும்டா" என்றார். இத்தனை வருஷத்துச் சிகரெட் கணக்கு அந்தப் படியில் வந்து நின்றது.

அடுத்தது சைக்கிள். முகத்தில் மாஸ்க்கைப் பொருத்தி, மிதிக்க மிதிக்கப் பளுவைக் கூட்டுகிறார்கள். எடையில் ஒரு கிலோவுக்கு, நிமிஷத்துக்கு எத்தனை மில்லிலிட்டர் ஆக்ஸிஜனை உடம்பு செலவழிக்கிறது என்று மெஷின் சொல்லிவிடும். 20க்கு மேல் என்றால் தைரியமாகச் செய்யலாம். 10க்குக் கீழே என்றால் வேறு வழியைத்தான் யோசிப்பார்கள். அண்ணாவுக்கு 14. பாஸும் இல்லை, பெயிலும் இல்லை!

டாக்டர் மூன்று வாரம் கெடு கொடுத்தார். சிகரெட் அறவே கூடாது. மூச்சுப் பயிற்சி, தினமும் நடை. டெல்லிப் புகையில் வெளியே போக முடியாமல் அண்ணா கூடத்திலேயே சுற்றி வந்தார். மன்னி காலண்டரில் சுற்றுக்கு ஒரு கோடு போட்டாள். வலப்பக்கத்து மூன்று மடல்களில் ஒன்றை மட்டும் எடுத்தார்கள்.

இப்போது அண்ணா சங்கக் கூட்டங்களுக்கு வருகிறார். லிப்ட் இல்லாத நம் ஹாலுக்கு இரண்டு மாடி, நடுவில் ஒரே ஒரு தடவை நின்று.